அஞ்சரை மணி நேரம்

சனிக்கெழம சாயங்காலம் கருத்தையா அண்ணன் போன் பண்ணி, திருடி ஆப்ட்டுட்டான்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள அம்புட்டு சந்தோசம். அத மறைச்சுட்டு மத்ததச் சொல்றது ஞாயமில்ல. வெள்ளிக்கெழம மாட்டுன கேமரா, மறுநாளே வேலையக் காட்டிருச்சேன்னு ஒரு திமிரு. கேமரா பொய் சொல்லாதுண்ணேன்னு நான்தான் போன்ல சொன்னேன். அந்த வாயக் கொண்டுபோய் எங்க வைக்க.

எம் பேரு யூஜினியா. காரைக்குடி செக்காலை ரோட்டுல கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வச்சிருக்கேன். முன்னால பத்து வருசம் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்ததால ஊரே என்னைய டீச்சர்னுதான் கூப்பிடும். எனக்கு வாய் நீளம், கோவமும் பொசுக்குன்னு வரும். சும்மா ஒரு எடத்துல உக்காரவும் வராது.

கானாடுகாத்தான்ல மீனலோசனி ஆச்சி வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடு. ஆச்சி சென்னையில இருக்காக. மூணு வருசமா வெளியூர் விருந்தாளிக தங்குற ஓட்டலா அத நடத்துறாக. கூட இருந்து பாத்துக்கிறது மேனேஜர் கருத்தையா அண்ணன். நாலு எடத்துல கேமரா வேணும்னு என்னையக் கேட்டாக. மத்தவுகன்னா கடையில விக்கிற ரெக்கார்டர் பொட்டிய வாங்கி மாட்டிட்டுப் போயிருவாக. நான் அப்படிச் செய்ய மாட்டேன். அவுக ஆபீஸ் மூலையில தூசியடைஞ்சு கெடந்த பழைய கம்ப்யூட்டரத் தூக்கி வெளிய வச்சு ஊதி, அதுல இருந்த விண்டோஸ வழிச்சு எறிஞ்சுட்டு லினக்ஸப் போட்டேன். அதுக்கு மேல டேட்டாபேஸு, வெப் சர்வரு, அப்பறம் ஓசியில கெடைக்கிற கேமரா சாஃப்ட்வேரு. ஒண்ணு ஒண்ணா ஏத்திக்கிட்டே வரணும். எதாச்சும் ஒண்ணு முறுக்கிக்கிட்டா மேல இருக்கது எதுவும் ஓடாது. ராத்திரியும் பகலும் வீட்டுல எது நடந்தாலும் நாள், மணி போட்டு அதுல ஏறிக்கிட்டே இருக்கும்.

கேமரா ஒவ்வொண்ணுலயும் அதுக்குன்னு ஒரு மணி ஓடுச்சு. ஒண்ணு ஏழுங்குது, ஒண்ணு பதினொண்ணுங்குது. படத்துல அந்த எழுத்தெல்லாம் வர வேணாம், கம்ப்யூட்டர் சொல்ற மணி மட்டும் போதும்னு நான்தான் அணைச்சு விட்டேன். அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. ஆனா ஆச்சி ஒம்பது மணியில இருந்து போன்ல நிக்கிறாக. பத்தரைக்குள்ள ஓட விட்ரணும், ஓட விட்டத ராகு காலத்துல நிப்பாட்டக்கூடாது, புது விசயம் பாருங்கன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காச் சொல்றாக. பத்து அஞ்சுக்கு மாடி நடையில, அறைகளுக்கு முன்னால போற வழியில, மாட்டுன கேமராவுல படம் வரல. ஏணியில ஏறி வயரப் புதுசா வெட்டி மாட்டுனேன். ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னது சின்னத்தாயி அக்கா. அந்த வீட்டக் கூட்டித் தொடைக்கிறது அதுதான். இது என்னையவும் பிடிக்குமா டீச்சர்னு கேட்டுச்சு. எல்லாரையும் பிடிக்கும்னேன். உடனே தலமுடிய ஒதுக்கிக்கிட்டுச் சிரிச்சுச்சு.

பத்து பதினெட்டுக்கு நாலு படமும் வந்துருச்சு. பாக்கி இருந்தது ஒரே ஒரு வேல. லினக்ஸப் புதுசாப் போட்டா அதோட கடிகாரம் உலகப் பொது நேரத்துல நிக்கும். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால. நம்ம ஊரு நேரம்னு ஒரு வரிய மாத்தி எல்லாத்தையும் ஒருக்கா நிப்பாட்டி ஓட விடணும். அந்தக் கம்ப்யூட்டரு கெழம். நின்னு எந்திரிக்கவே கால் மணி நேரம் ஆக்கும். ஆச்சி லைன்ல இருக்காக. சரி, பன்னெண்டுக்கு மேல, ராகு காலம் கழிச்சு மாத்திக்கலாம்னு ஓட விட்டுட்டேன். கருத்தையா அண்ணன் சூடம் கொளுத்தி மானிட்டருக்குக் காட்டுனாரு. பதினொண்ணரைக்கு கல்லல் ஊர்ல இருந்து ஒருத்தர் பிரிண்டர் ஓடலன்னு கூப்பிட்டாரு. நான் கெளம்பிப் போயிட்டேன். மாத்தணுங்கிறது அதோட மறந்தே போச்சு.

சனிக்கெழம நடந்தது இதுதான். பெங்களூர்ல இருந்து வந்து மாடி அறையில தங்குன புருசன் பொஞ்சாதி, காலங்காத்தால அஞ்சு மணிக்கெல்லாம் பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடக் கெளம்பிட்டாக. ஏழு மணிக்குத் திரும்பி வந்து பாத்தா மேசை மேல வச்ச சங்கிலியக் காணோம்ங்கிறாக. ஒரே ரகளை. ஒம்பது மணிக்கு அறையக் காலி பண்ணி, போலீசுல எழுதிக் குடுத்துட்டு மத்தியானம் ஊருக்குப் போயிட்டாக. சாயங்காலம் கருத்தையா அண்ணன் பழைய பதிவ எப்படிப் பாக்குறதுன்னு என்னையக் கேட்டாரு. நாளையும் மணியையும் போடுங்க, அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் பாருங்கன்னு சொல்லிக் குடுத்தேன். அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டாரு. அஞ்சு பன்னெண்டுக்குச் சின்னத்தாயி மாடி நடையில போகுது, அறைக்குள்ள நொழையுது, கையில ஒரு மூட்டையோட வெளிய வருது. வேற ஒரு ஈ காக்கா இல்ல.

மாடி நடைக்குச் சன்னல் கெடையாது. பகல்லயும் டியூப் லைட்டுதான். வெளிச்சத்த வச்சு மணி சொல்ல முடியாது. பின்கட்டு வாசச் சாவியும் அறைகளோட மாத்துச் சாவியும் அக்காகிட்டத்தான் இருக்கும். எங்க ஊர்ல இருந்து மொத பஸ்ஸே ஆறரைக்குத்தானய்யான்னு அக்கா சொல்லிருக்கு. எவன் பைக்குலயாச்சும் வந்திருப்பன்னு அண்ணன் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம அது இருக்கிற ஊருக்கே போயி, தெருவுல வண்டிய நிப்பாட்டி, சங்கிலியக் குடுத்துரு, இல்லன்னா போலீசுன்னு கத்திட்டு வந்திருக்காரு. ஆச்சியோ, நல்ல நேரத்துல ஆரம்பிச்சோம் பாத்தீகளா யூஜினியா, மறுநாளே காட்டிக் குடுத்துருச்சுன்னு எனக்கே போன் பண்ணிச் சொன்னாக. சொந்தக்காரக வீடு இன்னும் ரெண்டுல கேமரா போடணும்னும் சொன்னாக. நான் பல்லக் காட்டிக்கிட்டு நன்றி ஆச்சின்னேன்.

திங்கக்கெழம அந்த வீடியோவப் பென்டிரைவுல ஏத்தித் தரணும், நாலு மணிக்கு ஸ்டேசன்ல இருந்து வர்றாகன்னு அண்ணன் கூப்பிட்டாரு. ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். வழி நெடுக மனசு ஒரு நெலையில இல்ல. ஏன்னு கேட்டா அப்பச் சொல்லத் தெரியல. ஏணியப் பிடிச்ச கைதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு.

ஆபீஸ் அறையில அண்ணன் நாக்காலியில இருந்தாரு. சின்னத்தாயி அக்கா வாசப்படிகிட்டத் தரையில உக்காந்திருந்துச்சு. காலையில ஏழு மணியில இருந்து உக்கார வச்சிருக்காகளாம். நான் அது மொகத்தப் பாக்கல. பாக்காம மானிட்டர்கிட்டப் போயிட்டேன். இப்ப நெனச்சாலும் எனக்கே அருவருப்பா இருக்கு.

பதிவ எடுத்தேன். சனிக்கெழம, அஞ்சு பன்னெண்டு. அக்கா நடையில வருது. உள்ள போகுது. கொஞ்ச நேரங்கழிச்சு மூட்டையோட வருது. பென்டிரைவச் சொருகி ஏத்த ஆரம்பிச்சேன். அது ஆமையா ஏறுது. நான் எந்திரிச்சேன், உக்காந்தேன், சன்னல்கிட்டப் போனேன், வந்தேன். அப்பத்தான் அக்கா பேசுச்சு. சத்தம் போடல.

"டீச்சர், அஞ்சு மணிக்கு நான் அதுல இருக்கேங்கிறீக. பத்தரை தாண்டி நான் மாடிக்குப் போனேன். சங்கிலியத் தேடிப் பாரு, விரிப்பு தலகாணி உறையெல்லாம் உருவி உதறிட்டு வெளுக்கப் போடுன்னு மேனேஜருதான் அனுப்புனாரு. அதுல நான் இருக்கேனா?"

அண்ணன் எரிச்சலோட, ஆமா அனுப்புனேன், அதுக்கும் இதுக்கும் என்ன, காலையில எடுத்தவ பத்தரைக்குத் தேடுற மாதிரி நடிச்சன்னாரு. இதயேதான் மூணு நாளா சொல்லிக்கிட்டு இருக்கா டீச்சர்னு எங்கிட்டச் சலிச்சுக்கிட்டாரு.

பென்டிரைவு பாதிதான் ஏறிருந்துச்சு. கைய சும்மா வச்சிருக்க முடியாமத்தான், சத்தியமா அதுக்குத்தான், சனிக்கெழம பத்தரைன்னு போட்டேன். நடை காலியா இருக்கு. பத்தே முக்கால். காலி. பதினொண்ணு. காலி. அண்ணே, எத்தன மணிக்கு அனுப்புனீகன்னு கேட்டேன். பத்தரைக்கு மேல, நானே கீழ நின்னு அவ படியேறுறதப் பாத்தேனேன்னாரு.

அவரே அனுப்பி, அவரே பாத்த ஆளு அந்தப் படத்துல இல்ல.

எனக்குப் புரிஞ்சிருச்சு. ஆனா புரிஞ்சுக்கக் கூடாதுன்னு மனசு அடம்பிடிக்குது. கடைசியா ஏறுன பதிவு எதுன்னு பாத்தேன். ஏழு மணி ரெண்டு நிமிசம்னு போட்டிருக்கு. செவுத்துக் கடிகாரத்துல பன்னெண்டு முப்பத்திரெண்டு. அஞ்சரை மணி நேரம். அஞ்சு பன்னெண்டோட அஞ்சரையக் கூட்டுங்க, பத்து நாப்பத்திரண்டு. அந்த மூட்டை அண்ணன் உருவச் சொன்ன விரிப்பு. அவரு சொன்ன வேலையச் செஞ்சதத்தான் திருட்டுன்னு மூணு நாளாக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அதுக்குள்ள இன்னொண்ணு ஓடுச்சு மண்டையில. அப்ப நெசமான அஞ்சு மணி எங்க இருக்கு? வெள்ளிக்கெழம ராத்திரி பதினொண்ணரைன்னு பேர் போட்டு இருக்கும். ஆனா டிஸ்கு பழசு, சின்னது. ரொம்புனா அடியில இருக்கதத் தானா அழிச்சிட்டு மேல எழுதச் சொல்லி வச்சிருக்கேன். பாத்தா அழிக்க ஆரம்பிச்சுட்டுது. வெள்ளிக்கெழமப் பதிவு ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் போயிருச்சு. கண்ணு முன்னால ஒம்பதேகால் போகுது. பாஸ்வேர்ட ரெண்டு தடவ தப்பா அடிச்சேன். என்ன டீச்சர், என்னாச்சுன்னு அண்ணன் பின்னால நின்னு தொணதொணங்கிறாரு. சும்மா இருங்கண்ணேன்னு ஒரு அதட்டுப் போட்டேன். மூணாந் தடவைக்குத் தெறந்து அழிக்கிற வேலைய நிப்பாட்டுனேன். பத்து மணி வரைக்கும் போயிருந்துச்சு. அதுக்கு மேல தப்பிச்சிருச்சு.

மூணு பேரும் பாத்தோம். நான்தான் அக்காவ எந்திரிச்சு வரச் சொன்னேன். பதினொண்ணு முப்பத்தெட்டு, அதாவது விடியக்காலம் அஞ்சு எட்டு: புருசனும் பொஞ்சாதியும் கதவப் பூட்டிட்டுக் கெளம்புறாக. அங்குட்டு ரெண்டு மணி நேரமா நடை காலியாவே இருக்கு. பூனை கூட வரல. ஏழு அஞ்சுக்கு அவுகளே வந்து கதவத் தெறக்குறாக. அவ்வளவுதான். சங்கிலி எங்க போச்சோ, யாருக்குத் தெரியும். கோயில்லயோ, கார்லயோ, பெட்டிக்குள்ளயோ. அந்த அறைக்குள்ள மட்டும் யாரும் போகல.

நான் சொன்னேன். மணி மாத்தாம விட்டது நானு, எந் தப்புதான்னு சொன்னேன்.

கருத்தையா அண்ணன் போயிக் கதவச் சாத்திட்டு வந்து, கொரலத் தணிச்சு எனக்கு ஒரு வழி சொன்னாரு. கரண்டு போயி மணி மாறிருச்சுன்னு ஆச்சிகிட்டச் சொல்லிருவோம். மிசினு கோளாறு. உங்களுக்கும் கெட்ட பேரு வேணாம், எனக்கும் வேணாம். சின்னத்தாயி நாளையில இருந்து வேலைக்கு வரட்டும்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த வழி எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டு வீட்டு வேல கையில நிக்குது. காரைக்குடியில ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கூப்பிடுற பொழப்பு இது. மணி பாக்கத் தெரியாத டீச்சர்னு ஒரு வார்த்த கெளம்பினா கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான். சரிண்ணேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. திரும்பி அக்காவப் பாத்தேன். அது எங்களப் பாக்கல. ஓடிக்கிட்டு இருந்த அந்தக் காலி நடையவே பாத்துக்கிட்டு நிக்குது.

ஆச்சிக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். நல்ல நேரம் பாத்துத்தானம்மா ஆரம்பிச்சோம்னு கேட்டாக. அந்த நேரத்தப் பிடிக்க ஓடுனதுலதான் ஆச்சி மணிய மாத்துறது விட்டுப்போச்சு, ஆனா பெறகு மறந்தது நானுன்னேன். மத்த ரெண்டு வீட்டப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்னு வச்சுட்டாக. அப்பறம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?

சின்னத்தாயி அக்காகிட்ட வந்தேன். மன்னிச்சிருக்கா, மணிய நான் தப்பா வச்சிட்டேன்னு சொன்னேன்.

"மணி தப்புன்னு உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு டீச்சர். பத்தரைக்கு மேல அவருதான் அனுப்புனாருன்னு நான் சனிக்கெழமயே சொன்னேன். அவருக்கும் தெரியும். அந்த நேரத்தப் போட்டு ஒருத்தரும் பாக்கலையே."

அண்ணன் தலயத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. எனக்கு அவரு மேல கோவமா வந்துச்சு, ஆனா எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கோவப்பட? கேமரா பொய் சொல்லாதுன்னு போன்ல சொன்னவ நான். பாத்திருந்தா அன்னைக்கே ரெண்டு நிமிச வேல.

நாளைக்கு வேலைக்கு வான்னு அண்ணன் சொன்னாரு. அக்கா சீலையச் சரி பண்ணிக்கிட்டு, அவர நேராப் பாத்துச் சொல்லுச்சு, எங்க தெருவுல வந்து சொன்னீகல்ல, அங்க வந்தே இதையும் சொல்லுங்கன்னு. நாலு மணிக்குப் போலீசு வர்றாக, அவுகளுக்குப் பதில் சொல்லணும், இன்னொரு நாளைக்கு வாரேன்னு அண்ணன் இழுத்தாரு. அக்கா எம் பக்கம் திரும்புச்சு.

"நீங்க வாரீகளா?"

வாரேன்னேன். வேற என்ன சொல்ல முடியும்.

ஸ்கூட்டியில பின்னால உக்காந்து வந்துச்சு. நாலு கிலோமீட்டரு. நான் எப்படிச் சொல்றது, என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே ஓட்டுறேன். டைம் ஸோன்னு சொன்னா யாருக்குப் புரியும்? பேசாம எறக்கி விட்டுட்டு, ரெண்டு பொம்பளைககிட்ட மெதுவாச் சொல்லிட்டு வந்துறலாமான்னுகூட நெனச்சேன். எம்புட்டுக் கேவலமான புத்தி பாருங்க.

தண்ணி வந்த நேரம். கொழாயடியில ஏழெட்டுப் பொம்பளைக கொடத்தோட நிக்கிறாக. அக்கா எறங்கவும் பேச்சு நின்னு போச்சு. ஒருத்தி கொடத்த அங்குட்டு நகத்தி வச்சா. அக்கா தெரு நடுவுல போயி நின்னுக்கிட்டு என்னையப் பாத்துச்சு.

பத்து வருசம் கிளாஸ் எடுத்தவ நான். நாப்பது பிள்ளைகளுக்குக் கேக்கிற மாதிரிக் கத்தத் தெரியும். அன்னைக்கிக் கொரல் வரல. ஒருக்கா செருமிக்கிட்டுச் சொன்னேன். எம் பேரு யூஜினியா, அந்த வீட்டுல கேமரா போட்டவ நான்தான். அதுல மணிய நான் தப்பா வச்சுட்டேன். பத்தே முக்காலுக்கு இவுக வேல செஞ்சது அஞ்சு மணின்னு காட்டிருச்சு. சின்னத்தாயி அக்கா எதையும் எடுக்கல. திருட்டுன்னு சொன்னது பொய்யி.

கொடத்த நகத்துனவளே கேட்டா, அப்ப எடுத்தது யாரும்மான்னு. தெரியாதுன்னேன். தெரியாதா, அப்பறம் எப்படின்னு இன்னொருத்தி மொணங்குனா. இவுக எடுக்கலன்னு மட்டும் நான் கண்ணாலப் பாத்தேன்னு திரும்பச் சொன்னேன். எப்படா வண்டிய எடுப்போம்னு சாவிய வெரல்ல சுத்திக்கிட்டே நிக்கிறேன். வண்டிகிட்டயும் போயிட்டேன்.

அக்கா நின்ன எடத்த விட்டு அசையல. தெருவோட அந்தக் கோடியப் பாத்துச்சு. அங்க ரெண்டு மூணு வீட்டு வாசல்ல ஆளுக நிக்கிறாக.

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்," அப்படின்னுச்சு. "கடைசி வீட்டுக்குக் கேட்ருக்காது."

சாவியப் பைக்குள்ள போட்டுட்டுத் தெரு நடுவுக்குத் திரும்பி வந்தேன். மொதல்ல இருந்து சொன்னேன்.